றெஜினா ஸ்கான் செய்த பக்கம்

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பிளாசாவின் மாடியிலுள்ள குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் றெஜினா பத்தொன்பது வருடங்கள் வேலை செய்தார். மன்னார்க்காரி. வரவேற்பு மேசையும் நோயாளர் கோப்புகளும் அவருடைய பொறுப்பு. தமிழ் நோயாளிகள் பலருக்கு டொக்டரின் பெயரைவிட அவருடைய பெயர்தான் வாயில் வரும்.

2019இல் பழைய காகிதக் கோப்புகள் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து கணினியில் ஏற்றச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கு மேல். வாசிக்க நேரமில்லை, வாசிக்கவும் கூடாது. ஆனால் தியாகலிங்கத்தின் கோப்பில் ஒரு பக்கம் மெஷினில் சிக்கிக் கசங்கிவிட்டது. அதை நிமிர்த்தும்போது கண் ஓடிவிட்டது.

ஓய்வுபெற்றுப் போய்விட்ட பழைய டொக்டர் 2000ஆம் ஆண்டு கையால் எழுதியது. நித்திரை வரவில்லை என்று வந்த தியாகலிங்கம் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்னவை. 1996இல் யாழ்ப்பாணத்து இராணுவ முகாமில் நான்கு மாதம் இருந்திருக்கிறார். அடி தாங்க முடியாமல் ஒருநாள், வரிசையில் நின்றவர்களில் ஒருவனைப் பார்த்து, இவன் இயக்கத்து ஆள் என்பதுபோலத் தலையாட்டியிருக்கிறார். அது அவருடைய மனைவி புனிதவதியின் அண்ணன் ஜனார்த்தன். மூன்றாம் நாள் அவனுடைய உடலைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறார். மனைவிக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார் என்று கடைசி வரியில் இருந்தது.

றெஜினாவுக்குப் புனிதவதியைத் தெரியும். பிறஷர் பார்க்க வரும்போதெல்லாம், சைக்கிளில் போய்த் திரும்பி வராத அண்ணனைப் பற்றித்தான் பேச்சு. எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்றே சொல்வார்.

அன்றைக்கே றெஜினா மனேஜர் வின்சன்ற்றிடம் போனார். "ஒரு பக்கத்தை ஆரும் பாக்காமல் தனியாப் பூட்டி வைக்கேலாதோ?"

"நோயாளி கேட்டாத்தான் பூட்டலாம் அன்ரி. நீங்கள் வாசிச்சதே பிழை."

அது உண்மை. தியாகலிங்கத்திடம் கேட்கலாம். கேட்டால், வாசித்துவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு றெஜினா கேட்காமலே விட்டுவிட்டார். பக்கம் கணினிக்குள் போனது.

ஐந்து வருடம் கழித்துக் கிளினிக் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியை வாங்கியது. ஒருவருடைய முழுக் கோப்பையும் அது வாசித்து, ஒரு பக்கச் சுருக்கம் எழுதும். நோயாளி தன் போனிலேயே அதைப் பார்க்கலாம். தியாகலிங்கத்துக்கு ஆங்கிலம் ஓடாது. சீனி வருத்தத்துக்கு மருந்து பார்க்க வசதியாக, மகள் நிலாணியும் பார்க்கலாம் என்று எப்போதோ கையெழுத்து வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலாணி மில்லிக்கனிலுள்ள தன் வீட்டிலிருந்து வந்து, தாயின் பக்கத்தில் உட்கார்ந்து தகப்பனின் இரத்தப் பரிசோதனை முடிவைத் திறந்தாள். மேலே புதிதாக ஒரு சுருக்கம்.

"அப்பான்ர ஹிஸ்டரி எண்டு கிடக்கம்மா. நைன்ரி சிக்ஸில டிடெய்ன் பண்ணினது... பிரதர் இன் லோவை ஐடென்ரிஃபை பண்ணி, அவர் கஸ்ரடியில..." நிலாணி நிறுத்தினாள்.

"திருப்பி வாசி," என்றார் புனிதவதி.

தியாகலிங்கம் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். புனிதவதி அவருடைய முகத்தைப் பார்த்தார், போதுமாக இருந்தது. அன்று பின்னேரமே மகளோடு மில்லிக்கனுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை தியாகலிங்கம் கிளினிக்குக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தங்கச்சி, நான் டொக்டருக்குத்தானே சொன்னனான். மெஷினுக்கு ஆர் சொன்னது?"

"நான்தான் அண்ணை ஸ்கான் பண்ணினனான். வாசிச்சும் போட்டன். உங்களிட்டைக் கேட்டிருக்க வேணும்."

அவர் றெஜினாவை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும் உங்களுக்கும் தெரியும்." பிறகு பக்கத்தைப் பூட்டச் சொல்லும் படிவத்தில் கையெழுத்து வைத்தார். அந்தப் பக்கம் அன்று பூட்டப்பட்டது.

றெஜினா தன் பெயரையும் போட்டுக் கிளினிக்குக்கு ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். விசாரித்தார்கள். செயலி இல்லாததை எழுதவில்லை. மகள் பார்க்க அனுமதி இருந்தது. வெளியார் யாரும் பார்க்கவில்லை.

"சட்டப்படி எல்லாம் சரி அன்ரி," என்றார் வின்சன்ற்.

"அப்ப அந்த மனிசனுக்கு நடந்ததுக்கு என்ன பேர்?"

றெஜினா விடவில்லை. நான்கு மாதம் கழித்து இப்போதைய டொக்டர் ஒத்துக்கொண்டார்: கையால் எழுதிய பழைய குறிப்புகளை நோயாளியைக் கேட்காமல் செயலிக்குக் கொடுப்பதில்லை. றெஜினா தமிழ் நோயாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்துத் தமிழில் கேட்டார். "என்ன கிடக்கப்போகுது, பாக்கட்டும்," என்றார்கள் கனபேர். சிலர் மட்டும், "வேண்டாம் பிள்ளை," என்றார்கள். றெஜினா காரணம் கேட்கவில்லை.

ஒக்ரோபரில் புனிதவதி வந்தார். பாதியாக மெலிந்திருந்தார்.

"றெஜினா, அந்தக் கடதாசியில அண்ணை செத்த திகதி கிடக்கோ? போனில வருஷம் மட்டும்தான் இருந்தது."

"ஏனக்கா?"

"இருபத்தெட்டு வருஷமா ஒரு திவசம் செய்யேல்லை. உயிரோடை இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டு எப்பிடிச் செய்யிறது?"

திகதி றெஜினாவுக்குத் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. "நான் அவரிட்டைக் கேக்க வேணுமக்கா," என்றார்.

"கேள். என்னை அவரோடை கதைக்கச் சொல்லாதை."

போனில் தியாகலிங்கம் யோசிக்கவே இல்லை. "ஓகஸ்ட் இருபத்தொண்டு. விடியப்புறம். குடுங்கோ தங்கச்சி." அடுத்தநாள் பஸ் பிடித்து வந்து அதற்கும் கையெழுத்து வைத்தார். "அவ சாப்பிடுறாவாமோ?" என்று மட்டும் கேட்டார்.

றெஜினா பக்கத்தைத் திறந்து, திகதி இருந்த ஒரு வரி தவிர மற்றதெல்லாவற்றையும் வெள்ளைத்தாளால் மறைத்து நகல் எடுத்தார். புனிதவதி அதை வாங்கி, வாசித்து, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "ஐயரிட்டைத் திதி பாக்கக் குடுக்க வேணும்," என்றார்.

அடுத்த வருடம் ஸ்காபரோவில் ஒரு கோயிலில் முதல் திவசம் நடந்தது. மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரியான றெஜினாவையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது, எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் தியாகலிங்கம் வெயிலுக்குள் நின்றார். திவசம் இன்றைக்கு என்று நிலாணி அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

றெஜினா தெருவைக் கடந்து போனார். "உள்ளுக்கை வாங்கோவன் அண்ணை."

"வேண்டாம். முடிஞ்சுதோ?"

"ஓம், முடிஞ்சுது."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போனார்.