காயக் கூடாத நுனி

உள்ளறையில் கண்ணாடி டம்ளரில் குச்சி தட்டும் சத்தம் கேட்டதும் பிரமு எழுந்து நின்றாள்.

சங்கரன்கோவில் சாயப்பட்டறையில், சாயத் தண்ணீரின் அமில, காரத் தன்மையைப் பார்க்கும் பி.ஹெச். மீட்டர் அவள் கணவன் கசமுத்துவின் பொறுப்பு. நோயில் படுத்தபோது, பிறரை நம்பாமல் தண்ணீரில் முக்கிப் பார்க்கும் அதன் கண்ணாடிக் குச்சியை வீட்டுக்கே கொண்டுவந்து உப்புத் தண்ணீர்க் குப்பியில் நிறுத்தினான். "நுனி காஞ்சா செத்துப்போவும். பாத்துக்கோட்டி" என்பதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. அவன் போய்ப் பதினெட்டு நாளாகிறது.

பட்டறை முதலாளி மீட்டரோடு உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். "நேத்து வந்து ஊறவச்சுட்டுப் போயும் முள்ளு ஒரு இடத்துல நிக்கல தாயி. குப்பித் தண்ணி எங்க போச்சு?"

"பொணம் எடுத்த வீட்டுல தண்ணி இருக்கக் கூடாதுல்லா அண்ணாச்சி. குடம், பானையோட அதையும் கொட்டிட்டேன். அந்த நேரம் அவுக சொன்னது நெனப்புல வரல; குச்சியை அவுக வேட்டியால ஈரம் போகத் தொடச்சு, பத்திரமா வச்சேன்." அவள் மீட்டரில் தொங்கிய குச்சியைப் பார்த்தாள். "அவுக சொன்ன ஒத்தச் சொல்லு. என் கையாலயே கொன்னுட்டேன்."

அவர் மீட்டரிலிருந்து குச்சியைக் கழற்றினார். அதை அவள் உள்ளங்கையில் வைத்தார். "நீயே வச்சுக்கோ. நான் புதுசு வாங்கிக்கிடுதேன்."

அவர் தெருவில் இறங்கினார். பிரமு குப்பியில் உப்புத் தண்ணீர் கரைத்து, குச்சியை அதில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள்.