பதினோரு பாட்டில் தண்ணீர்

எங்கள் வீட்டில் காரணம் சொல்ல முடியாத பொருள்கள் பல இருந்தன. தொலைக்காட்சி ரிமோட், வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வாழ்ந்தது. உறை மஞ்சளாகி எண்கள் மறைந்த பிறகும் அதைக் கழற்ற அம்மா விடவில்லை. கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட தட்டுகள் ஒரு டஜன், விருந்தாளிகளுக்காக. விருந்தாளிகள் வந்தால் வேறு தட்டில்தான் சாப்பாடு. இவர்களைவிடப் பெரிய விருந்தாளி யாரோ வரப்போகிறார் என்று அம்மா நம்பியிருக்க வேண்டும். இவற்றோடெல்லாம் நான் சமாதானமாகிவிட்டேன். பத்து வயதில் என்னால் பொறுக்க முடியாமல் போனது, கேட்டுக்கு வெளியே நின்ற பதினோரு பாட்டில் தண்ணீர்தான்.

மலேசியாவில், செனாயில் எங்களைப் போல வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒன்றரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வாசலோரம் வைத்தால் நாய் அங்கே காலைத் தூக்காது என்பது நம்பிக்கை. ஏன் என்று கேட்டால், வெளிச்சம் பட்டு நாய்க்குக் கண் கூசும் என்பார் ஒருவர். தன் முகத்தையே பெரிதாகப் பார்த்து மிரளும் என்பார் இன்னொருவர். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் எங்கள் தெருவில் இது ஒன்றுதான்.

எங்களிடம் நாய் இருந்தது. அப்பா தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். சாமான் அடுக்கும் பலகைகளுக்கு நடுவில் குட்டியாகக் கிடந்ததை மதிய உணவுப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். காப்பி நிறத்தைப் பார்த்து கோப்பி என்று பெயர் வைத்தோம். அப்பாவின் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே அதற்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்பாவை எழுந்து நின்று வரவேற்றது கோப்பி மட்டுமே.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்ப் பெரியவர். பாக்சிக் என்று கூப்பிடுவோம், மாமா என்கிற மாதிரி. அப்பாவைவிட இருபது வயது மூத்தவர், ஆனால் அப்பாவை 'அண்ணே' என்றுதான் அழைப்பார். எங்கள் கேட்டும் அவர் கேட்டும் ஒரே தூணில் தொங்கின. அந்தத் தூணை உரசிக்கொண்டுதான் தினமும் தெருக்கோடியில் இருக்கும் சூரா என்கிற சின்னத் தொழுகைக்கூடத்துக்குப் போவார்.

ஒருநாள் அவருடைய செருப்பில் ஒன்றைக் கோப்பி கவ்விவந்து, வாசலில் படுத்து நிதானமாக மென்றது. நாயின் எச்சில் பட்டால் மண் கரைத்த தண்ணீரும் சேர்த்து ஏழு முறை கழுவ வேண்டும், அது அவர்கள் முறை. பாக்சிக் கேட்டுக்கு வந்து மெதுவான குரலில் விஷயத்தைச் சொன்னார். சத்தம் போடவில்லை. அப்பாவைப் பயமுறுத்தியதே அதுதான்.

"திட்டியிருந்தா பரவால்லயே. ஒண்ணுமே சொல்லலியே மனுசன்" என்றார் அப்பா, அம்மாவிடம். "அவரு ஒரு போன் அடிச்சா போதும்லா. நாய் பிடிக்கிற வண்டி வந்து இத தூக்கிட்டுப் போயிரும்."

"அலமாக், தொழப் போற செருப்ப போயி கடிக்குதே இது" என்று அம்மா கோப்பியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று மாலையே அப்பா புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். கோப்பியைச் சங்கிலியில் கட்டினார். மாலையில் அரை மணி நேரம் மட்டும் அவிழ்த்துவிடுவார். அந்த அரை மணிக்காக, எங்கள் வாசலிலிருந்து தூணைச் சுற்றி பாக்சிக்கின் கேட் வரைக்கும் பதினோரு பாட்டில்கள் வந்து நின்றன. ஒவ்வொரு ஞாயிறும் அவற்றைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, தண்ணீர் மாற்றி, நூல் பிடித்த மாதிரி அடுக்குவார். தூணுக்கும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார். தன் தோட்டத்தில் நின்று பாக்சிக் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் நான்காம் ஆண்டு அறிவியலில் எங்கள் ஆசிரியை 'கருதுகோள்' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். எதையும் பிறர் சொல்லி நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள் என்றார். சாஆ என்கிற ஊருக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற அப்பாவுக்கும் பள்ளிக்கூட வாசலையே பார்க்காத அம்மாவுக்கும் பிறந்த நான், குடும்பத்தின் அறியாமையை ஒழிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருப்பதாக எண்ணிக்கொண்டேன்.

"அப்பா, பாட்டிலப் பார்த்தா நாய் பயப்படுமா?"

"பயப்படும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"எல்லாருந்தான்."

"நம்ம கோப்பி அதுமேலதான் ஒண்ணுக்கு அடிக்குது."

"வாய மூடிட்டுப் போயி பாடத்தப் படி."

நோட்டில் கோடு போட்டு அட்டவணை தயாரித்தேன். திங்கள்: மூன்றாவது பாட்டில் மேல், ஆறு மணி பத்து நிமிடம். செவ்வாய்: மூன்றாவது, பிறகு ஏழாவது. புதன்: மழை. வியாழன்: பாட்டில்களை மோந்து பார்த்துவிட்டு நேராகத் தூணில். ஏழு நாளில் மொத்தம் ஒன்பது முறை. பாட்டிலைக் கண்டு கோப்பி ஒருமுறைகூட மிரளவில்லை. ஐந்தாவது பாட்டிலில் சாய்ந்து தூங்கவும் செய்தது.

முடிவு தெளிவாகிவிட்டதால் அடுத்த கட்டத்துக்குப் போனேன். அது ஒரு சனிக்கிழமை. இரவு வேலை முடித்துவந்த அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பதினோரு பாட்டில் தண்ணீரையும் சாக்கடையில் கொட்டி, காலிப் பாட்டில்களைச் சாக்கில் கட்டிப் பின்பக்கம் போட்டேன். வாசல் சுத்தமாக இருந்தது. பகுத்தறிவு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

மதியத் தொழுகை முடிந்து திரும்பிய பாக்சிக் தூண் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"மானா போத்தோல்?" என்றார். பாட்டில்கள் எங்கே?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளியில் படித்த மலாயில் எல்லாவற்றையும் விளக்கினேன். அட்டவணையைக் காட்டினேன். கிழமை, நேரம், இடம். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். தூண் என்று எழுதியிருந்த இடங்களில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

அதற்குள் அம்மா பார்த்துவிட்டு அப்பாவை எழுப்பியிருக்க வேண்டும். கைலியை இறுக்கிக் கட்டியபடி ஓடிவந்த அப்பா, பாக்சிக் கையில் இருந்த நோட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், அவரு கையிலயே ஆதாரத்தக் குடுத்துட்டியாடா?"

பாக்சிக் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார். பாட்டிலால் பயனில்லை என்பது உன் அப்பாவுக்குத் தெரியுமா?

"தெரியும். முதல்லயே சொன்னேன்" என்றேன் மலாயில். அப்பாவின் பிடிவாதம் எவ்வளவு பெரியது என்று அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மேலும் சொன்னேன்: "ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் கழுவித் தண்ணீர் மாற்றுகிறார். தூணையும் தேய்க்கிறார். சொன்னால் கேட்பதில்லை."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாக்சிக் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பி, அவரையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "பண்டாய்" என்றார். கெட்டிக்காரன். அவ்வளவுதான், வீட்டுக்குள் போய்விட்டார்.

அப்பா என்னை அடிக்கவில்லை. சாஆவில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் அடித்து, "நாளைக்கு இத அங்க கொண்டாறேன், தோட்டத்துல கிடக்கட்டும். வண்டிக்காரன் கையில போறதுக்கு இது மேலு" என்றார். அன்று அம்மா கோழிக் கறி சமைத்து, எங்களுக்கு முன்னால் கோப்பிக்குப் போட்டார். நான் சாப்பிடவில்லை. என் கருதுகோள் சரியாக இருந்தும் நாய் ஏன் போகிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு காலை அப்பா சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டைத் திறந்தார். திறந்தவர் வெளியே போகவில்லை. நான் போய் எட்டிப் பார்த்தேன்.

தூணைச் சுற்றிப் பாட்டில்கள் நின்றன. எங்களுடையவை அல்ல. ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய்ப் பாட்டில்கள், ஆறு, கழுத்து வரை தண்ணீர். பாக்சிக் வீட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் வாசல் வரை, நூல் பிடித்த மாதிரி. பாக்சிக் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"அண்ணே, சின்னப் பாட்டில் இந்த நாய்க்குப் போதாது."

அப்பா கையில் சுற்றியிருந்த சங்கிலியைத் தளர்த்தினார். குனிந்து சங்கிலியைக் கழற்றினார். கோப்பி பாய்ந்து வெளியே போய், முதல் பாட்டிலை மோந்து பார்த்து, காலைத் தூக்கியது. பாக்சிக் வேறு பக்கம் பார்த்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அவர் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தேன்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். கோப்பி தங்கிவிட்ட மகிழ்ச்சியையும் மீறி அந்தப் பெரியவருக்காக வருத்தப்பட்டேன். ஒன்பது சான்றுகளை வரிக்கு வரி படித்த மனிதர், அதே தப்பை இன்னும் பெரிய பாட்டிலில் செய்கிறாரே.

அடுத்த ஞாயிறு அப்பா சாக்கைப் பிரித்து எங்கள் பதினோரு பாட்டில்களையும் வெளியே எடுத்தார். அவற்றோடு பாக்சிக்கின் ஆறையும் சேர்த்துக் கழுவினார். நான் நோட்டோடு பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, இதால ஒரு பிரயோசனமும் இல்லப்பா."

"தெரியும்டா" என்றார், அடுத்த பாட்டிலைக் குழாயில் பிடித்தபடி.

தெரிந்துமா ஊற்றுகிறார்? நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். அட்டவணையில் நாய்க்குக் கட்டம் இருந்தது, பாட்டிலுக்கும் தூணுக்கும் இருந்தது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல், மூடி வைத்துவிட்டேன்.