வளைவில் நின்ற பூண்டு லாரி

பழனியில் நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டு, கொடைக்கானல் சிநேகிதி வீட்டு மதியச் சாப்பாட்டுக்கு நானும் கணவரும் காரில் மலையேறினோம். வளைவுகளில் தலை சுற்றியது. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளி முகர்ந்தேன். அந்த வாசத்தில் எங்கள் ஊர் கிளாவரையின் பூண்டு லாரி நினைவில் வந்துவிட்டது.

சின்ன வயதில் அப்பா பூண்டு விற்கப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொள்வார். என் முகம் வெளுத்தால் லாரியை நிறுத்தச் சொல்லி, மூக்கருகே ஆரஞ்சுத் தோலைப் பிழிவார்.

"அண்ணே, இப்படி நின்னு நின்னு போனா சந்த முடிஞ்சிரும்," என்பார் டிரைவர்.

"சந்த அடுத்த வாரமும் கூடும்ப்பா. புள்ள மொகத்தப் பாரு."

கண் திறந்தால், கார் ஓரமாக நின்றிருந்தது. கீழே பள்ளத்தாக்கில் வெண்மஞ்சு படர்ந்திருந்தது. கணவரின் போனில் சிநேகிதி.

"சோறு ஆறுதுண்ணே, வெரசா வாங்க."

"ஆறட்டும்மா, சுட வச்சுக்கலாம்," என்றவர் எனக்குத் தண்ணீரை நீட்டினார்.

நான் நிறுத்தச் சொல்லவே இல்லை. அப்பாவை இவர் பார்த்ததும் இல்லை.