சைக்கிளுக்குப் பின்னால் வான்

சைக்கிள் சுற்றுலாவில் சைக்கிள் மிதிக்காத ஒரே ஆள் பெட்டிகளைக் கொண்டுபோகிற வான் சாரதி. அந்த ஆள் நான்தான்.

குடியிருப்பது பிரெஞ்சுத் தலைநகரில், நம்மாட்கள் நிறைந்த லா ஷப்பலில். கோடை வந்துவிட்டால் புறநகர் லா கூர்னெவ்வில் நிற்கிற வானை எடுத்துக்கொண்டு பூர்கோன் திராட்சைத் தோட்டங்கள் பக்கம் போய்விடுவேன். ஊரூராகச் சைக்கிளில் போய், போகிற இடமெல்லாம் தின்று குடிப்பது விருந்தாளிகளின் வேலை. அவர்களுடைய பெட்டிகளை அடுத்த விடுதியில் சேர்ப்பது, மத்தியானம் மரத்தடியில் சாப்பாட்டு மேசை போடுவது, களைத்துப்போனவர்களை ஏற்றுவது எல்லாம் என் வேலை. முன்னால் சைக்கிளில் வழிகாட்டிப் போகிறவன் சேவியர். பாண்டிச்சேரிக்காரன், பிரெஞ்சு அவன் வாயில் தண்ணீராய் ஓடும். அதனால் விருந்தாளிகளோடு அவனுக்கும் சாப்பாடு, அவனுக்கும் வைன்.

அடுத்தவர் சாப்பிடுவதை நின்று பார்க்கிற வேலையில் இருக்கிற ரெஸ்டோரன்ட்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள்தான் என் வயிற்றெரிச்சலைச் சரியாகப் புரிந்துகொள்வீர்கள். எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. ஒரு தடவையாவது அந்தப் பாதையில் சைக்கிளில் போய், அந்த மேசையில் விருந்தாளியாக உட்கார வேண்டும்.

வாளிக்குள் போன வைன்

வைன் நிலவறைக்குள் நான் முதன்முதலில் போனது, ஒரு அம்மா வானில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத்தான். உள்ளே எல்லோரும் கிளாசைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, ருசி பார்க்க ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்து, வாளிக்குள் துப்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல வைன், பல வருடம் இருட்டில் வைத்துக் காத்த வைன். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நான் வான் ஓட்டுகிறவன், ஒரு சொட்டு நாக்கில் வைக்க முடியாது. இவர்களோ குடிக்கலாம் என்றிருந்தும் துப்புகிறார்கள்.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டார் ஒரு பல் வைத்தியர். அவருக்கும் துப்புவது நன்றாகப் பழகியிருந்தது. என் தோளைத் தட்டி, ஆறுதலாகச் சொன்னார்: “கவலைப்படாதீர்கள், இரவு சாப்பாட்டோடு நாங்கள் குடிக்கப்போவது இதைவிட நல்ல வைன்.”

விரதக்காரன்

ஒரு விடுதிக்கார அம்மாவுக்கு என் மேல் இரக்கம் வந்தது. சாரதியும் மனிதன்தானே என்று என்னையும் மேசைக்குக் கூப்பிட்டார். காத்திருந்து கிடைத்த அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம், அதாவது இறைச்சி மீன் எதுவும், தொடுவதில்லை. சிவப்பு வைனில் அவித்த மாட்டிறைச்சி மேசைக்கு வந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அந்த அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டு மீன் சாப்பிடுகிற நல்ல கத்தோலிக்கன் என்று என்னை நினைத்துவிட்டார் போலும். குசினிக்குள் ஓடிப்போய், வெண்ணெயில் பொரித்த ஆற்று மீன் ஒன்றை எனக்கென்று கொண்டுவந்து வைத்தார்.

மீனும் மச்சம்தான் என்று விளக்க என் பிரெஞ்சு போதாது. சேவியரைப் பார்த்தேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன் அவன், வாய் நிறைய மாட்டிறைச்சி. “நீங்க கவலைப்படாதீங்க அண்ணே” என்று, அந்த அம்மா திரும்பிய நேரம் பார்த்து மீனையும் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டான். நான் பாண் துண்டும் பச்சை இலைச் சலாதும் சாப்பிட்டேன். என் வெறும் தட்டைப் பார்த்துப் பூரித்துப்போன அந்த அம்மா, சேவியருக்குக் கேட்கும்படி சொன்னார்: “இந்த மேசையில் வெள்ளிக்கிழமையை மதிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.”

ஏற்றத்தில் ஏறியவர்

ஒரு மேட்டில் மூச்சு வாங்கி, சைக்கிளை வீதியோரம் போட்டுவிட்டு ஒரு வக்கீல் வானில் ஏறினார். ஈரச் சப்பாத்தைக் கழற்றி என் முன் கண்ணாடியடியில் காயவைத்தார். எனக்கு வீதி பாதிதான் தெரிந்தது, மீதியில் சப்பாத்து தெரிந்தது. யன்னலுக்கு வெளியே தோட்டங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர் சொன்னார்: “நாள் முழுக்க உட்கார்ந்தபடியே இதையெல்லாம் பார்க்கிறீர்களே, உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.”

காலி இடம்

போன வருடக் கடைசிச் சுற்றுலாவில் ஒருவர் வராமல் நின்றுவிட்டார். அந்த இடத்தை வேலையாட்கள் வீட்டில் யாருக்காவது தரலாம் என்றார் எங்கள் முதலாளி அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்பக்கம் பஞ்சு வைத்த சைக்கிள் காற்சட்டை ஒன்று வாங்கி, வீட்டுக்குள் போட்டு நடந்து பார்த்தேன். மனைவி சிரித்தாள். அடுத்த நாள் முதலாளி அம்மா கேட்டார், நீங்கள் சைக்கிளில் போனால் வானை யார் ஓட்டுவது என்று. நான் அதை யோசிக்கவே இல்லை. இடம் மனைவிக்குப் போனது. காற்சட்டையும் போனது.

அவள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுச்சாலையில் வேலை செய்கிறவள். சைக்கிளைத் தொட்டுப் பல வருடம். முதல் மேட்டிலேயே வானில் ஏறிவிடுவாள், இரண்டு பேருமாக எல்லோரையும் திட்டிக்கொண்டே போகலாம் என்று பக்கத்து சீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடம், டியூசன் என்று யாழ்ப்பாணம் முழுக்க எதிர்க்காற்றில் சைக்கிள் ஓடினவள் என்பது எனக்கு மறந்துபோயிற்று. மேட்டு உச்சியில் சேவியர் எனக்குப் போன் எடுத்தான். “அண்ணே, அண்ணி என்னைத் தாண்டிப் போயிட்டாங்க” என்றான். நிலவறையிலும் அவள் கிளாசைச் சுழற்றி, மணந்து, குறி தவறாமல் வாளிக்குள் துப்பினாள் என்று அவனே வந்து சொன்னான். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அன்று பின்னேரம் பெட்டிகளை மாடிக்குத் தூக்கினேன். எல்லாவற்றிலும் பாரமானது அவளுடையதுதான். இறங்கி வந்தால் முற்றத்து மேசையில், விருந்தாளிகளுக்கு நடுவில், கையில் கிளாசோடு இருக்கிறாள். நான் ஆசைப்பட்ட அதே மேசை. ஒரு ஓரமாய் நின்றேன். என்னைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டாள். பாவம், நாள் முழுக்கத் தனியாய் வான் ஓட்டினியள் என்று ஒரு சொல் சொல்லப்போகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். குனியச் சொல்லி, காதோடு சொன்னாள்: “இஞ்சருங்கோ, நாளைக்கு மத்தியானம் அந்த ஆட்டுச் சீஸைக் கொஞ்சம் கூட வையுங்கோ, இண்டைக்கு வைச்சது எங்களுக்குக் காணாது.”

விருந்தாளிகள் மேல் படுகிற பொறாமை அவர்கள் ரயிலேறியதும் தீர்ந்துவிடும், இந்தப் பொறாமையை மட்டும் துடைத்து வைத்த அதே சீட்டில் ஏற்றிக்கொண்டு லா ஷப்பல் வரைக்கும் நானே ஓட்டிவர வேண்டியிருந்தது.