மேட்டில் பதினான்கு வட்டங்கள்

நேற்று மகள் பள்ளிக்கூடத்துக்காக உலகப் பாரம்பரியச் சின்னங்களின் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்று, ஏதோ குளிர்நாட்டுப் புல்வெளியில் வட்டமாக நிற்கும் கற்கள். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. "இத பாக்க டிக்கெட்டாம்பா" என்றாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அந்தப் பசை வாசனை எனக்குச் சிவப்பு பெயிண்ட் வாசனையாகத்தான் மூக்கில் ஏறியது. ஒரகடத்தில் நிலம் அளக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிது. மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே டீக்கடைக்குப் போவேன். யாராவது இன்ஜினியர் என்று நினைக்கட்டுமே. முளைக்குச்சியின் தலையில் சிவப்பு பூசி அடித்துக்கொண்டே போவோம். அடித்த இடமெல்லாம் தொழிற்சாலை.

அப்படிப் போகும்போதுதான் மேட்டில், முட்புதருக்குள், அந்தப் பாறைகளைப் பார்த்தேன். முழங்கால் உயரம், வட்டம் வட்டமாக. பதினான்கு வட்டங்களையும் வரைபடத்தில் குறித்தேன். அவை என்னவென்று எனக்குத் தெரியாது. சைட் ஆபீசில் ஃபைல் பார்த்த ஸ்டெல்லாதான் சொன்னாள். பக்கத்து ஊர்ப் பெண், வரலாறு படித்தவள்.

"அதெல்லாம் சமாதிங்க. இரும்புக் காலத்து ஜனங்களோடது. எங்க ஊர்ல பாண்டவர் குழின்னுவாங்க."

ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவோடு அங்கே போனோம். கறுப்பும் சிவப்புமான பானை ஓடு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். எடுத்த இடத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடினாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். எனக்கே ஆச்சரியம்.

அவள் தொல்லியல் துறைக்கு மனு எழுதினாள். "உங்க டிராயிங் ஒரு காப்பி, கையெழுத்து போட்டுக் குடுங்க. அது இருந்தாதான் நம்புவாங்க" என்றாள். திங்கட்கிழமை தருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "இன்னாய்யா இது, வட்டம் வட்டமா? எடுத்துடு. உன் வேல இன்னும் பர்மனன்ட் ஆவல, தெரியுமில்ல."

எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு பட்டன், அவ்வளவுதான். மறுநாள் ஞாயிறு. இரண்டு ஜேசிபி வந்து மேட்டைச் சமமாக்கின. திங்கட்கிழமை நான் பார்த்தது பொலபொலவென்ற செம்மண்ணை மட்டும்.

அதே வாரம், டிராயிங் இல்லாமலே ஸ்டெல்லா அனுப்பிய மனுவைப் பார்த்து அதிகாரி ஒருவர் வந்தார். தன்மையான மனிதர். வரைபடத்தைப் புரட்டிவிட்டு என்னைக் கேட்டார்: "இங்க கல்லு ஏதாச்சும் இருந்துச்சா தம்பி?" மேனேஜர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கவனிக்கல சார்."

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், என் மேஜையருகே நின்றாள். "நீங்களாவது சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை. மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. எனக்கு வேலை பர்மனன்ட் ஆனது.

போன மாதம் அந்த வழியாகப் போனபோது பஸ்ஸைவிட்டு இறங்கினேன். சுற்றுச்சுவருக்குள் கப்பலேறக் காத்திருக்கும் புதுக் கார்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. வட்டங்கள் எங்கே இருந்தன என்று என்னால் கணிக்கவே முடியவில்லை. அளந்தவன் நான்.

"இன்னா சார், யாரப் பாக்கணும்?" வாசல் காவலாளி கேட்டார்.

"இங்க ஒரு மேடு இருந்ததே."

"மேடா? நமக்குச் சொந்த ஊரே பக்கத்துல வாலாஜாபாத்துதான் சார். எனக்குத் தெரிஞ்சி இங்க மேடே கெடையாது."

இருந்தது என்று சொல்ல அங்கே என்னைவிட்டால் ஆளில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நடந்தேன்.