வெளிச்சம் பட்ட சுருள்

அம்மா ஏலக்காய் போட்டு வைத்திருக்கும் பழைய பிலிம் டப்பாவை இன்று திறந்ததும், அந்த வாசனையோடு ஸ்ரீராம்புரத்து ஒற்றை அறை வீடு வந்துவிட்டது. பகலிலும் பல்பு எரியும், சுவரில் ஈரம் ஏறியிருக்கும், பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தம் எங்கள் பாய் வரை கேட்கும். வீட்டை இடிப்பதற்கு முந்தின வாரம், அப்பா பீன்யாவில் இருந்த சிநேகிதரிடம் கேமரா இரவல் வாங்கிவந்து, "எக்ஸ்போஷர்னா உள்ள வெளிச்சத்த விடறது. இந்த இருட்டுக்கு நெறைய விடணும்" என்று சொல்லிக்கொண்டே மூலை மூலையாகப் படமெடுத்தார். வீடு உள்ளே வந்துவிட்டதா என்று பார்க்க, யாருமில்லாதபோது நான் கேமராவின் பின்மூடியைத் திறந்தேன். வெளிச்சம் பட்டுச் சுருள் முழுக்கப் பாழாகிவிட்டது என்பது, வீடு போன பிறகு, கழுவக் கொடுத்த ஸ்டுடியோவில்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அவர் திட்டவில்லை, காலி டப்பாவை அம்மாவிடம் நீட்டினார். வெயிலே நுழையாத அந்த வீட்டுக்குள் ஒரே ஒரு முறை வெளிச்சத்தை விட்டவள் நான்தான்.