வெளியே வராத விண்வெளி வீரர்

என் மகள் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது, தண்ணீர் உள்ளே விழுகிறதா வெளியே விழுகிறதா என்று நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். நாலு வயதுக் குழந்தை கொட்டத்தான் செய்யும் என்கிறார் என் கணவர். இருக்கலாம். ஆனால் நான் ஒன்பது வயதிலும் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது கிழக்குத் தாம்பரத்தில், ரயில்பாதைக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு வடக்கே வேலை; கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவார். அம்மா மிஷன் பள்ளியில் ஆசிரியை. எனக்குப் பந்து பிடிக்க வராது, கயிறு தாண்ட வராது. அதனால் எந்தக் கட்சியிலும் என்னைச் சேர்க்கமாட்டார்கள். பள்ளி விட்டு வந்தால், அம்மா டியூஷன் முடித்து வரும்வரை வீட்டில் நான் மட்டும்தான். மின்சார ரயில் போகும்போது அலமாரிக் கண்ணாடி அதிரும். வீட்டில் அது ஒன்றுதான் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மாமா வருவார். அம்மாவின் தம்பி. கோயில் ஆராதனை முடிந்ததும் குரோம்பேட்டையிலிருந்து ஸ்டாம்பு ஆல்பத்தோடு வந்து இறங்குவார். உறையில் ஒட்டியிருக்கும் ஸ்டாம்பை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டுக் கழற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒருநாள் பழைய ஸ்டாம்பு ஒன்றைக் கறுப்புத் தட்டில் குப்புறப் போட்டு இரண்டு சொட்டு பெட்ரோல் விட்டார். காகிதத்துக்குள் ஒளிந்திருந்த நட்சத்திரங்கள் வரிசையாகத் தெரிந்தன. நனைந்தால்தான் சில படங்கள் வெளியே வரும் என்று நான் மனதில் எழுதிக்கொண்டேன்.

நிலாவுக்கு மனிதன் போய்வந்த பேச்சு ஓயாத சமயம் அது. ஒரு ஞாயிறு மாமா வெண்ணெய்த்தாளில் பொதிந்து ஒரு பூட்டான் ஸ்டாம்பு கொண்டுவந்தார். மேலே பிளாஸ்டிக், நகத்தால் தடவினால் மெல்லிய வரிகள் கிர்ரென்றன. படத்தில் ஒரு விண்வெளி வீரர், பின்னால் நிலா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பாத்திரம் தேய்க்க வந்த அம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, ஆளு அப்டியே வெளிய வந்துகினு கீறான். நிலா எங்கியோ தூரத்துல கீது."

அம்மா வாங்கிப் பார்த்து, அழகா இருக்கு என்று சொல்லிவிட்டு, சோறு குழைந்துவிடும் என்று உள்ளே போனாள். என் முறை வந்தது. விண்வெளி வீரரும் வெளியே வரவில்லை; நிலாவும் தூரத்தில் இல்லை. இருவரும் ஒரே காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சாய்த்தபோது கொஞ்சம் நடுங்கினார்கள், அவ்வளவுதான்.

"தெரியுதா பாப்பா?" என்றார் மாமா.

தெரியுது என்றேன். எந்தக் கட்சியிலும் இல்லாதவள், இந்தக் கட்சியிலாவது இருக்க ஆசைப்பட்டேன். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த ஞாயிறு வரை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுவதும் சாயங்காலங்களில் அந்த வீரரோடு போராடினேன். வெயிலில் பிடித்தேன், மூக்கருகே பிடித்தேன், கதவுக்கு வெளியே நின்று திடீரென்று எட்டிப் பார்த்தேன். வியாழக்கிழமை கறுப்புத் தட்டு ஞாபகம் வந்தது. பெட்ரோலுக்கு நான் எங்கே போவது? வெந்நீர் போதும் என்று முடிவு செய்து, ஸ்டாம்பைக் கிண்ணத்தில் போட்டு மூடிவைத்தேன்.

திறந்தபோது பிளாஸ்டிக் சுருண்டு ஒரு பக்கமும், காகிதம் ஒரு பக்கமுமாக மிதந்தன. காகிதத்தில் வீரர் மங்கலாக இரண்டிரண்டாகத் தெரிந்தார்.

அம்மா வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்டாம்பைத் தண்ணீரில் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் போட்டேன் என்று சொல்லவில்லை. அம்மா திட்டவில்லை. கோந்து தடவி ஒட்டி, அகராதிக்குள் அழுத்தி வைத்தாள். மறுநாள் எடுத்துப் பார்த்து, சரியாகிவிட்டது, அழாதே என்றாள். எனக்கும் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா அதைக் கையில் எடுத்தவுடன் முகம் மாறியது. நான் அதைத் தண்ணீரில் போட்டதையும் தான் ஒட்டியதையும் அம்மா மறைக்காமல் சொன்னாள். பிறகு வாங்கி ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்குப் பார்த்த மாதிரியேதான் இருக்கு, தம்பி. ஒரு வித்தியாசமும் தெரியலை."

மாமா ஸ்டாம்பை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

"குழந்தை கெடுத்துட்டான்னு சொல்லு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அன்னைக்கு மாதிரியே இருக்குன்னு மட்டும் சொல்லாதேக்கா. நான் என்ன குருடனா?"

மாமா ஸ்டாம்பை மேசையிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினார். அதன்பிறகு பண்டிகைகளுக்கு வந்தார்; ஆல்பம் வரவில்லை. ஞாயிறும் மற்ற நாட்களைப் போல ஆனது.

பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொல்லும் பொய்யைக்கூடப் பொறுக்காத என் அம்மா எனக்காகப் பொய் சொல்லிவிட்டாள் என்று நான் நம்பினேன். அன்று மாலை குடும்ப ஜெபத்தில் அம்மாவை மன்னிக்கும்படி ஆண்டவரிடம் ரகசியமாக வேண்டிக்கொண்டேன். அம்மாவிடம் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

போன மாதம் மகளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டரம்மா என்னையும் உட்காரவைத்து ஒரு கண்ணாடியை மாட்டி, எழும்பி நிற்கும் படத்தைத் தொடச் சொன்னார். என் விரல் காகிதத்தில்தான் பட்டது. என் இரண்டு கண்களும் சேர்ந்து பார்ப்பதில்லையாம்; அதனால் எது முன்னால், எது பின்னால் என்று சரியாகத் தெரியாதாம். சில குடும்பங்களில் வழிவழியாக வருமாம். குழந்தைக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். உங்கள் அம்மாவுக்கு எப்படி என்று கேட்டார். அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று உடனே சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் அம்மா காபி ஆற்றுவது நினைவுக்கு வந்தது. எல்லாரும் கையை உயர்த்தி ஆற்றுவார்கள். அம்மா டபராவின் விளிம்பை டம்ளரின் விளிம்பில் தொட்டு வைத்துக்கொண்டுதான் ஊற்றுவாள். ஊசியில் நூல் கோக்க ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்குப் போவாள். அம்மா இப்போதும் தாம்பரத்தில்தான் இருக்கிறாள். எழுதிக் கேட்கலாமா என்று இரண்டு முறை இன்லாண்டு லெட்டரை எடுத்து, எழுதாமலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

மாமா சாப்பிடாமல் கிளம்பிய அந்த ஞாயிறு, அவர் போனபின் அம்மா அந்த ஸ்டாம்பை ஜன்னலருகே கொண்டுபோனாள். வெளிச்சத்தில் இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள், மூக்கருகே கொண்டுவந்தாள். ரயில் ஒன்று வந்து, அலமாரிக் கண்ணாடியை அதிரவைத்துவிட்டுப் போயிற்று. அப்போதும் அவள் நகரவில்லை. சொன்ன பொய்க்காக வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, நான் சத்தம் போடாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.